அழுத்திப் பிடித்தாலும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும் பீசோ ஃபிலிம் சென்சார்: பழுதா, இயல்பா?

விழித்திரு

வணக்கம். என் அப்பா எண்பது வயதைக் கடந்தவர். இரவில் யாரையும் எழுப்பாமல் தானே எழுந்து நடக்கப் பார்க்கிறார். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தும் இருக்கிறார். அவர் கட்டிலை விட்டு இறங்கினால் என் அறையில் ஒரு மணி அடிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கேமரா வைப்பதை அவர் விரும்பவில்லை. எனக்கும் அதில் மனம் ஒப்பவில்லை.

மெத்தைக்கு அடியில் வைக்க மெல்லியதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது பிவிடிஎஃப் பீசோ ஃபிலிம், அதாவது இழுத்தாலோ அழுத்தினாலோ மின்சாரம் தருகிற ஒரு பிளாஸ்டிக் தாள், கண்ணில் பட்டது. 12 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், 28 மைக்ரான் தடிமன். இரு பக்கமும் வெள்ளி மை பூசி, ஓரத்தில் இரண்டு உலோகக் கால்கள் கவ்வவைத்திருக்கிறார்கள். விற்பனைப் பக்கத்தில் ‘அழுத்த உணரி’ என்றே போட்டிருந்தது.

மேசைமேல் வைத்து, மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் இணைத்தேன். விரலால் அழுத்தினால் ஒரு சிறு துடிப்பு வருகிறது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாலும் கோடு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. எடுக்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு துடிப்பு. ஆனால் நுனியைப் பிடித்து லேசாகச் சுண்டினால் அலை திரையைத் தாண்டிப் போகிறது. இதைவிட வேடிக்கை, தொடாமலேயே வாயால் ஊதினால் கோடு மெல்ல நகர்கிறது. போதாக்குறைக்கு, எதுவும் செய்யாதபோதும் மின்கம்பி இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது பழுதான துண்டா? மாற்றிக் கேட்கலாமா?

எடைக்கல்

பழுதில்லை. நீங்கள் வாங்கிய பொருள் உங்கள் வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான். பீசோ எதுவும் நிலையான எடையைக் காட்டாது. கட்டில் காலுக்கு அடியில் ஒரு லோடு செல் (எடை அளக்கும் உணரி) வையுங்கள், அல்லது அழுத்தினால் மின்தடை மாறும் அட்டை உணரி ஒன்றை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். ஆள் இருந்தால் எண் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். எளிதாக முடிகிற வேலையை ஏன் சிக்கலாக்க வேண்டும்?

பழைய மல்டிமீட்டர்

உங்கள் ஃபிலிம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தவை அத்தனையும் அதன் குணம். பழுது என்று எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ‘அழுத்த உணரி’ என்ற விளம்பரத்தைச் சொல்லுங்கள். அளவுக் கருவிகளைச் சீர்செய்வது என் பிழைப்பு. அந்த விளம்பரத்தை நம்பி வாங்கிவிட்டு, எடை நிற்கவில்லை என்று கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை.

எடைக்கல் சொல்வதில் பாதி சரி. மறுபாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்தத் தாளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது தெரியாமல் இதை எங்கே ஒட்டினாலும் வீண்.

பாலிவினைலிடீன் ஃபுளோரைடு, அதாவது பிவிடிஎஃப், ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்ததில் இரண்டு ஃபுளோரின் என்று மாறி மாறி வரும். ஃபுளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சின்ன இருமுனை: ஒரு பக்கம் சற்று எதிர்மின், மறுபக்கம் சற்று நேர்மின். சாதாரணமாக உருக்கி ஆறவைத்தால் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு, அடுத்தடுத்தவை எதிரெதிராகப் படுத்துக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் மிச்சம் எதுவும் இருக்காது. ஆல்ஃபா நிலை என்று இதற்குப் பெயர். வேதி ஆலையில் குழாய்க்கும் வால்வுக்கும் அது அருமையான பிளாஸ்டிக், சென்சாருக்கு உதவாது.

அதே தாளை 80 டிகிரி செல்சியஸ் அருகே சூடாக்கி நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சங்கிலிகள் நிமிர்கின்றன. ஒரு சங்கிலியின் ஃபுளோரின்கள் எல்லாம் ஒரே பக்கம் வந்து சேர்கின்றன. இது பீட்டா நிலை. பிறகு தடிமன் வழியாக மைக்ரானுக்குப் பல பத்து வோல்ட் வீதம் மின்புலம் கொடுக்க வேண்டும். உங்கள் 28 மைக்ரானுக்கே அது ஆயிரம் வோல்டைத் தாண்டும். படிகங்களில் உள்ள இருமுனைகள் ஒரே முகமாகத் திரும்பி, மின்புலத்தை எடுத்த பிறகும் அப்படியே உறைந்து நிற்கும். இப்படிப் பக்குவப்படுத்திய பிவிடிஎஃப்பில் வலுவான அழுத்தமின் (பீசோ) விளைவு இருப்பதை 1969இல் காட்டியவர் ஜப்பானின் ஹெய்ஜி கவாய். கியூரி சகோதரர்கள் படிகங்களில் இந்த விளைவைக் கண்டது 1880இல். இடைப்பட்ட காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகாடா மரத்திலும் எலும்பிலும்கூட இதை அளந்திருக்கிறார், ஆனால் அங்கே அது மிகவும் பலவீனம். கல்லும் பீங்கானுமாக இருந்த ஒரு துறைக்குள் வளைந்து கொடுக்கிற தாள் ஒன்று நுழைந்தது கவாய்க்குப் பிறகுதான்.

இப்போது ஃபிலிமை நீளவாக்கில் இழுங்கள். இழுத்தால் மெலியும். உள்ளே இருமுனைகள் அப்படியே நிற்க, இரு மின்முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் குறைகிறது. அதுவரை ஈடுகட்டி நின்ற மேற்பரப்பு மின்னூட்டத்தின் கணக்கு மாறுகிறது. அந்த வித்தியாசம் கம்பி வழியாக வெளியே வருகிறது. நீங்கள் திரையில் பார்ப்பது அதைத்தான்.

சுண்டினால் பெரிய அலை, அழுத்தினால் சின்ன அலை. இது ஏன் என்பதுதான் உங்கள் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது. தரவுத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். நீளவாக்கில் இழுத்தால் ஒரு நியூட்டன் விசைக்குச் சுமார் 23 பிகோகூலோம் மின்னூட்டம். மேலிருந்து அழுத்தினால் சுமார் 33. இதைப் பார்க்கிற எவரும் அழுத்துவதே மேல் என்றுதான் நினைப்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு நியூட்டன் விசையால் மேலிருந்து சீராக அழுத்தினால் கிடைப்பது 33 பிகோகூலோம், தீர்ந்தது. அதே ஒரு நியூட்டனால் நீளவாக்கில் இழுக்கும்போது விசை முழுவதும் 28 மைக்ரான் தடிமன் உள்ள மெல்லிய குறுக்குவெட்டின் வழியாகப் போகிறது. 30 மில்லிமீட்டரை 28 மைக்ரானால் வகுத்தால் 1,070. அந்த மடங்கு நேராகப் பெருக்கத்தில் சேருகிறது. விளைவு, ஏறத்தாழ 24,600 பிகோகூலோம். உங்கள் துண்டின் மின்தேக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 380 பிகோஃபாரட் வீதம் சுமார் 1.4 நானோஃபாரட். ஆக, எதுவும் கசியாவிட்டால் இழுக்கும்போது 18 வோல்ட், அழுத்தும்போது 24 மில்லிவோல்ட். எழுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

எனவே ‘அழுத்தினேன், சிக்னல் வந்தது’ என்று யார் சொன்னாலும், அடியில் இருந்த மெத்தென்ற பரப்பு அமுங்கி ஃபிலிம் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். கண்ணாடிமேல் ஒட்டி அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இழுக்கிற திசையும் முக்கியம். ஆலையில் எந்தத் திசையில் இழுத்தார்களோ அந்தத் திசையில்தான் இந்த 23. குறுக்குவாட்டில் மிகக் குறைவு. பெரிய தாள் வாங்கி நீங்களே வெட்டுவதாக இருந்தால் முதலில் திசையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோடு ஏன் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. வெளிவந்த மின்னூட்டம் அந்த 1.4 நானோஃபாரடில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஆசிலோஸ்கோப்பின் ஆய்வுக்கோலை வைத்ததும் 10 மெகாஓம் வழியாக அது வடியத் தொடங்குகிறது. மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கினால் 14 மில்லிவினாடி. விரல் அங்கேயேதான் இருக்கிறது, மின்னூட்டம்தான் போய்விட்டது. விரலை எடுக்கும்போது எதிர்ப்பக்கம் துடிப்பதும் இதனால்தான். அதிர்வெண் கணக்கில் சொன்னால், சுமார் 12 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அசைவுகள் எல்லாம் உங்கள் திரையில் தேய்ந்துபோகின்றன. மின்தடையை 1 கிகாஓமுக்கு உயர்த்தினால் எல்லை 0.12 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் எவ்வளவு உயர்த்தினாலும் பூஜ்யத்தைத் தொட முடியாது. இந்தத் தாள் மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். அதை எடை கேட்பது நம் தப்பு.

ஊதினால் கோடு நகர்வது வெப்பமின் விளைவு. இருமுனைகள் உறைந்து நிற்கும் எந்தப் பொருளும் சூடு மாறினால் மின்னூட்டம் தரும். சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 30 மைக்ரோகூலோம் என்று தரவுத்தாள் சொல்லும். உங்கள் துண்டுக்குக் கணக்கிட்டால் ஒரு டிகிரி மாறினாலே கிட்டத்தட்ட 8 வோல்ட். வாய்க்காற்று, உள்ளங்கைச் சூடு, ஜன்னல் வெயில், எல்லாம் சிக்னல்தான். நல்லவேளையாக வெப்பம் மெதுவாக வரும். அதிர்வு வேகமாக வரும். வடிகட்டி இரண்டையும் பிரித்துவிடலாம்.

இனி, உங்கள் அப்பாவின் கட்டில். இங்கேதான் எடைக்கல்லோடு எனக்குக் கருத்து வேறுபாடு. லோடு செல்லும் அட்டை உணரியும் கட்டிலில் எடை இருக்கிறது என்று சொல்லும். எழுந்து போகிறவர் பாதி உடம்பை விளிம்பில் வைத்து உட்கார்ந்திருந்தாலும், நான்கு போர்வையைச் சுருட்டி வைத்திருந்தாலும் ஓர் எண் வரும். அதற்கு எல்லைக்கோடு போடுவதிலேயே நாள் போய்விடும். பிவிடிஎஃப் எடையைச் சொல்லாது, ஆனால் மூச்சைச் சொல்லும். நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மார்பு ஏறி இறங்கும்போது மெத்தை அந்த அசைவைக் கீழே கடத்துகிறது. அதன்மேல் ஏறிக்கொண்டு, ஒவ்வொரு இதயத்துடிப்பிலும் ரத்தம் பாயும்போது உடம்பு வாங்குகிற மிகச் சிறிய உதையும் வரும். போர்வைச் சுருளுக்கு மூச்சு கிடையாது. பெரிய அசைவு ஒன்று வந்து, அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வினாடி மூச்சலை இல்லையென்றால் மணியை அடியுங்கள். தூக்க ஆய்வுக்கூடங்களில் மார்பில் கட்டுகிற மூச்சுப் பட்டைகளிலும் இதே தாளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று மட்டும்: இது ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிற கருவி. மூச்சு சரியாக இருக்கிறதா என்று இதை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

விழித்திரு

ஐயா, மிக்க நன்றி. மூச்சைப் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகங்கள். கட்டிலில் எங்கே, எப்படி ஒட்டுவது? என்னிடம் இருப்பது 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர். 18 வோல்ட் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பயந்துவிட்டேன். நேராக இணைக்கலாமா? இன்னொன்று, கேபிள் மூன்று மீட்டர் நீளம் போக வேண்டியிருக்கிறது.

ஆறாம் விரல்

நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இசைக்கருவிகளுக்குப் பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் உணரி) செய்கிறவன். இந்த ஃபிலிமைத் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அடியிலும் பலகைக்கு உட்புறத்திலும் ஒட்டி ஒட்டிப் பழக்கம். இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கிற 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலை ஃபிலிமிலிருந்து வருவதில்லை. அது ஓர் ஆன்டெனாவாக நடந்துகொள்கிறது. மூடியே தீர வேண்டும். எளிய வழி, ஃபிலிமைச் சுற்றி மெல்லிய தாமிரப் பட்டையை ஒட்டி அதைத் தரைமுனையோடு இணைப்பது. நடுவில் மின்காப்பு டேப் ஒரு சுற்று இருக்கட்டும். பெரிய துண்டாக இருந்தால் இரண்டாக மடித்து, தரைமுனை இரு பக்கமும் வெளியே வரும்படி செய்துவிடுவேன்; சிக்னல் உள்ளே பாதுகாப்பாக இருக்கும். கவசமுள்ள கேபிள் கட்டாயம். அந்தக் கேபிளையும் ஆடாமல் கட்டிவையுங்கள், ஏனென்றால் கேபிள் அசைந்தால் உள்ளே உராய்ந்து தானே மின்னூட்டம் உண்டாக்கும். மேடையில் இது ஒரு தலைவலி.

சால்டர் இரும்பை ஃபிலிமுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். 170 டிகிரி சுற்றி உருகிவிடும். உருகுவதற்கு முன்பே, 80 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் உணர்திறன் குறையத் தொடங்கும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது, சத்தம் மட்டும் செத்துப்போகும். உங்களுடையதில் கவ்விய கால்கள் இருப்பதால் கவலையில்லை. அதிலும் சால்டர் வைக்காமல் செருகு இணைப்பியாகப் போடுங்கள்.

பழைய மல்டிமீட்டர்

ஆறாம் விரல் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. கேபிள் ஆட்டத்தைப் பற்றி நானே எழுத நினைத்திருந்தேன்.

நேராக இணைக்கக் கூடாது. சிக்னல் பூஜ்யத்துக்கு இரு பக்கமும் போகும்; மைக்ரோகன்ட்ரோலர் எதிர்மின்னழுத்தத்தைத் தாங்காது. யாராவது கட்டிலில் தொப்பென்று விழுந்தால் வருகிற துடிப்பு பல பத்து வோல்ட்கூட ஆகலாம். மூன்று மீட்டர் கேபிளும் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வீதம் கூடுதல் மின்தேக்கமாகச் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து மின்னூட்டப் பெருக்கி. ஆப்-ஆம்ப் என்கிற பெருக்கிச் சில்லின் எதிர் உள்ளீட்டில் ஃபிலிமை இணைத்து, வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்கு 10 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் அதற்கு இணையாக 220 மெகாஓம் மின்தடை ஒன்றும் போடுங்கள். ஃபிலிம் தருகிற மின்னூட்டம் முழுவதும் அந்த மின்தேக்கிக்கு மாறிவிடும். வெளியீடு என்பது மின்னூட்டத்தை 10 நானோஃபாரடால் வகுத்தது. கேபிள் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே விடை. முன்பு கணக்கிட்ட ஒரு நியூட்டன் இழுப்புக்கு 2.5 வோல்ட் வரும். மூச்சு அதில் ஒரு சிறு பங்குதான் தரும், ஆகவே பின்னால் பத்து மடங்குப் பெருக்கி இன்னொன்று தேவைப்படலாம். மற்ற உள்ளீட்டை 1.65 வோல்டில் நிறுத்தினால் அலை நடுவில் மிதக்கும். ஆப்-ஆம்ப் 3.3 வோல்டில் வேலை செய்கிற சிமாஸ் வகையாக இருக்கட்டும். உள்ளீட்டு மின்னோட்டம் ஒரு பிகோஆம்பியர் அளவுக்குள் இருக்க வேண்டும். பழைய இருதுருவ வகைகளைப் போட்டால் 220 மெகாஓமில் அதுவே பல வோல்டாக ஏறி, வெளியீடு ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளீட்டில் தொடராக 10 கிலோஓம் ஒன்று. அதன்பின் இரு பக்கமும் கசிவு குறைந்த டையோடு.

220 மெகாஓம் ஏன், இன்னும் பெரிதாகப் போடலாமே என்று கேட்பீர்கள். 10 நானோஃபாரடோடு சேர்ந்து அது 2.2 வினாடி, எல்லை 0.07 ஹெர்ட்ஸ். மூச்சு 0.2 ஹெர்ட்ஸுக்கு மேல், தாராளமாகக் கடந்துபோகும். கிகாஓம் போட்டால் 10 வினாடி. அவர் ஒருமுறை புரண்டு படுத்தாலே பெருக்கி முட்டிக்கொண்டு, தெளிவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் அவர் எழுந்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது. உடம்புச் சூடும் ஊர்ந்து வந்து கோட்டைத் தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

ஒட்டும் விஷயம் இன்னும் முக்கியம். வெறும் ஃபிலிமை வளைத்தால் வெளிப்பாதி இழுபடும், உட்பாதி சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் விற்பனைக்கு வருகிற துண்டுகளில் ஒரு பக்கம் தடித்த பாலியஸ்டர் தாள் ஒட்டியிருப்பார்கள். வளையும்போது இழுபடாமலும் சுருங்காமலும் இருக்கிற நடுக்கோடு பாலியஸ்டருக்குள் போய்விடும்; ஃபிலிம் முழுவதும் ஒரே பக்கமாக இழுபடும். நீங்களும் அதையே பெரிய அளவில் செய்யுங்கள். கட்டிலின் குறுக்குச் சட்டங்களில் ஒன்று, மார்புக்கு நேரே உள்ளது, அதன் அடிப்பக்கத்தில் நடுவில் ஃபிலிமை நீளவாக்கில் ஒட்டுங்கள். மேலே எடை கூடினால் சட்டம் தொய்யும், அடிப்பக்கம் நீளும். இரட்டைப் பக்க நுரை டேப் வேண்டாம், இழுப்பை அதுவே விழுங்கிவிடும். மெல்லிய எபாக்சி, அல்லது நுரையில்லாத மெல்லிய டேப். மெத்தைக்கு மேல் வைக்காதீர்கள்: சூடு, வியர்வை, சுருக்கம், மூன்றும் கெடுதல்.

எடைக்கல்

சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதே இடத்தில் ஒரு திரிபுமானியை (நீண்டால் மின்தடை மாறும் உணரி) ஒட்டினால் எடையும் தெரியும், மூச்சும் தெரியும். நிலையான அளவும் கிடைக்கும். பீசோவுக்கு என்ன அவசியம்?

பழைய மல்டிமீட்டர்

நியாயமான கேள்வி. திரிபுமானி வேலை செய்யும், நானே பலமுறை ஒட்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு எப்போதும் மின்னோட்டம் ஓட வேண்டும், பாலச் சுற்று வேண்டும், மூச்சு தருகிற மிகச் சிறிய திரிபைப் பிரித்தெடுக்க மைக்ரோவோல்ட் அளவில் சுத்தமான பெருக்கி வேண்டும். ஃபிலிம் தானே மின்னூட்டம் தருகிறது. அதே திரிபுக்குப் பல மடங்கு பெரிய சிக்னல். எடை கட்டாயம் வேண்டும் என்றால் திரிபுமானி. மூச்சு போதும் என்றால் ஃபிலிம். இரண்டையும் சேர்த்து வைத்தாலும் தவறில்லை, வயதானவர் விஷயம் என்பதால் நான் அதை எதிர்க்கமாட்டேன்.

வெயில்நிழல்

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். ஒரு நியூட்டனுக்கு 18 வோல்ட் என்றால் செருப்புக்குள் வைத்து நடந்தாலே கைப்பேசியை சார்ஜ் செய்யலாமே? அப்படிச் செய்திகள் படித்த நினைவு. இந்த ஃபிலிம் வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது?

பழைய மல்டிமீட்டர்

வோல்டைப் பார்த்து மயங்கக் கூடாது. 24.6 நானோகூலோமையும் 18 வோல்டையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஓர் இழுப்புக்கு 0.22 மைக்ரோஜூல். இழுவிசையைப் பத்து மடங்காக்கினால் ஆற்றல் நூறு மடங்கு, அதாவது 22 மைக்ரோஜூல். அதற்கு மேல் போனால் இந்த அளவுத் துண்டு நிரந்தரமாக நீண்டுவிடும் அபாயம் இருக்கிறது. வினாடிக்கு ஓரடி வைத்தால் 22 மைக்ரோவாட். சாதாரண எல்இடி ஒன்றுக்கே பல மில்லிவாட் வேண்டும். நூற்றுக்கணக்கான துண்டுகளை அடுக்கலாம்தான், ஆனால் கைப்பேசியை மறந்துவிடுங்கள். எப்போதாவது ஒருமுறை விழித்து ஓர் எண்ணை அனுப்பிவிட்டுத் தூங்குகிற சின்ன உணரிக்கு வேண்டுமானால் உதவும்.

தாளின் பலம் வேறு இடத்தில். ஒலித்தடுப்பு என்று ஓர் அளவு உண்டு: அடர்த்தியையும் அதில் ஒலி போகிற வேகத்தையும் பெருக்கியது. வழக்கமான பீசோ பொருளான ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் பீங்கானுக்கு அது தண்ணீரைப்போல இருபது மடங்கு. பிவிடிஎஃப்புக்கு இரண்டு மூன்று மடங்குதான். தண்ணீரிலிருந்து வருகிற அலை பீங்கானில் பெரும்பாலும் எதிரொலித்துத் திரும்பிவிடும், இந்தத் தாளிலோ உள்ளே நுழைந்துவிடும். ஆகவே மருத்துவ அல்ட்ராசவுண்ட் கருவி எவ்வளவு அழுத்தத்தை வெளியிடுகிறது என்று அளக்கிற நீரொலி உணரிகளை இதில்தான் செய்கிறார்கள்: வளையத்தில் பறை கட்டியதுபோல் ஒரு படலம், நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மின்முனைப் புள்ளி. கேட்பதற்கு இவ்வளவு நல்ல இந்தத் தாள், பேசுவதற்கு அவ்வளவு நல்லதில்லை. ஒலியை உண்டாக்கும் வேலையில் பீங்கான்தான் இன்னும் ராஜா. அதன் அழுத்தமின் மாறிலி பத்து மடங்குக்கு மேல்.

சாலையில் குறுக்கே பதிக்கிற பட்டைகளிலும் பீசோ பாலிமர் கேபிள் உண்டு. சக்கர அச்சுகளை எண்ணும். ஓடுகிற லாரியின் எடையையும் மதிப்பிடும். அதே லாரி அதன்மேல் நின்றுவிட்டால், விழித்திருவின் விரலுக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது விண்வெளிக் கதை. 2006இல் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் தூசி எண்ணும் கருவி ஒன்று இருக்கிறது. செய்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள். 1930இல் புளூட்டோவுக்குப் பெயர் சொன்ன சிறுமி வெனிஷியா பர்னியின் பெயரை அதற்கு வைத்தார்கள். உள்ளே இருப்பது உங்கள் மேசைமேல் இருக்கிற அதே 28 மைக்ரான் தடிமன் பிவிடிஎஃப். 14 தாள்கள், 12 வெளியே பார்த்தபடி, இரண்டு மூடியபடி. மூடிய இரண்டும் எதற்கு என்று பாருங்கள்: கலத்தின் சொந்த அதிர்வால் வருகிற பொய்ச் சிக்னலைக் கணக்கிட. தூசித்துகள் மோதும்போது அங்கே நடப்பது இழுப்பும் அழுத்தமும் மட்டுமில்லை. துகள் குழி பறிக்கிறது. அந்த இடத்தில் உறைந்திருந்த இருமுனைகளே காணாமல் போகின்றன. அவற்றால் ஈடுகட்டப்பட்டிருந்த மின்னூட்டம் ஒரு துடிப்பாக விடுபடுகிறது. ஆகவே இந்த வகைக் கருவிக்குத் தாளின் மேல் மின்னழுத்தம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. 1986இல் ஹாலி வால்நட்சத்திரத்தை நெருங்கிய வேகா கலங்களும் இதே தத்துவத்தில் தூசி எண்ணின.

விழித்திருவுக்கும் அந்த இரண்டு மூடிய தாள்கள் பயன்படும். அறைக்குள் யாராவது நடந்தால் தரை அதிர்வு கட்டில் சட்டத்துக்கும் வரும். இரண்டாவது துண்டு ஒன்றை ஆள் எடை விழாத கால்மாட்டுச் சட்டத்தில் ஒட்டுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் வருவது நடை. மார்புப் பக்கம் மட்டும் வருவது மூச்சு.

விழித்திரு

இரண்டாவது துண்டுக்குச் சொல்லிவிட்டேன், முதல் துண்டைத் திருப்பி அனுப்பவில்லை. கட்டிலில் சட்டங்கள் மரம்தான், அடிப்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. அப்படியே எபாக்சி தடவலாமா?

பழைய மல்டிமீட்டர்

உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பிறகு ஒட்டுங்கள். இல்லையென்றால் அரை மில்லிமீட்டர் பாலியஸ்டர் பட்டையில் ஃபிலிமை முதலில் ஒட்டி, அந்தப் பட்டையை மரத்தில் ஒட்டுங்கள். பிறகு பிய்த்தெடுக்கவும் வசதி. எபாக்சி காய்வதற்கு ஒரு நாள் விட்டுவிடுங்கள். காயும்போது சுருங்குவதும் சூடாவதும் சிக்னலாக வந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி பழுதா என்று கேட்காதீர்கள். காய்ந்ததும் முதலில் நீங்கள் படுத்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டுப் பாருங்கள். பிறகு அடக்கிப் பாருங்கள். அடக்கும்போது கோட்டில் மிஞ்சுகிற சின்ன முள்கள் இதயத்துடிப்பு. அவை தெரிந்தால் பெருக்கம் போதும். அந்த அலையைப் படமெடுத்து இங்கே போடுங்கள், மணிக்கான எல்லையைச் சேர்ந்தே முடிவுசெய்யலாம்.